அம்மாவின் சனிக்கிழமை வகுப்பு: வாசல் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடமேற்கு லண்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் மேசை போட்டு, வரவுப் பதிவேட்டோடு உட்காருவது என் வேலை. உள்ளே அக்கா பரதநாட்டிய வகுப்பு எடுப்பார். சின்னப் பிள்ளைகளை அக்காவின் மகள், என் பெறாமகள், பார்த்துக்கொள்வாள். பதிவேட்டை மூடிவிட்டு நானும் உள்ளே போய், தாளம் தட்டும் தட்டுக்கழியை எடுப்பேன். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 1986-ல் எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு, ஆறு பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு இது.

பிள்ளைகள் உடை மாற்றும் பத்து நிமிடத்தில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இத்தனை வருடத்தில் அதிகம் மாறவில்லை. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணப் பேச்சும் சென்னைப் பேச்சும் கலந்துதான் வரும். பதில்கள் எங்கள் வகுப்பின் வழக்கம். வேறு வகுப்புகளில் வேறு மாதிரி இருக்கலாம்.

பிள்ளைக்கு நாலரை வயசு. டிவியில பாட்டுப் போட்டா ஒரே ஆட்டம்தான். இப்பவே சேர்க்கலாமோ?

ஆறு முடியட்டும். ஏழு என்றால் இன்னும் நல்லது. அரைமண்டியில், அதாவது முழங்காலை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், இருப்பதற்கு இடுப்பு திறக்க வேண்டும், முழங்கால் பாதத்தின் திசையில் வெளியே போக வேண்டும். சின்ன வயதில் இடுப்பை விட்டுவிட்டு முழங்காலை மட்டும் திருப்பிப் பழகினால், பதினைந்து வயதில் அந்த முழங்கால் கணக்குக் கேட்கும். என்னை அம்மா நாலு வயதிலேயே அரைமண்டியில் நிற்க வைத்தார். சொந்தப் பிள்ளை, வீட்டு முன்னறை, யார் தடுப்பது? இன்று நான் ஆடாமல் உட்கார்ந்து தாளம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு அம்மா ஆறு வயதுக்குக் கீழே யாரையும் எடுத்ததில்லை.

அதுவரை வீட்டில் ஆடட்டும். கைதட்டித் தாளம் போடப் பழக்குங்கள். பாட்டோடு சேர்ந்து தட்டத் தெரிந்த பிள்ளைக்கு முதல் வருடத்தில் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு வருஷமா காலைத் தட்டிக்கிட்டே இருக்கா. எப்போதான் டான்ஸ் ஆரம்பிப்பீங்க?

ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அந்தக் காலைத் தட்டும் முதல் அடவு, தட்டடவுதான் டான்ஸ். அரைமண்டியில் இருந்து, முதுகு நிமிர்ந்து, ‘தெய்யா தெய்’ என்ற சொல்லுக்கு மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாதம் ஒரே அழுத்தத்தோடு விழ வேண்டும். முதற்காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே செய்வார்கள். மூன்றாம் காலம் வரும்போதுதான் இடுப்பு மெல்ல மேலே எழும்பும், முகம் சுளிக்கும், கை தொங்கும். அதைச் சரி செய்யத்தான் மாதங்கள் போகின்றன. அப்புறம் நாட்டடவு, குத்தடவு என்று ஒவ்வொன்றாக வரும்.

மேடையில் முதலில் ஆடுகிற அலாரிப்புக்கு வருவதற்கு எங்கள் வகுப்பில் சாதாரணமாக இரண்டரை, மூன்று வருடம் ஆகும். வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பு, வீட்டில் பயிற்சி இல்லை என்றால் அதற்கும் மேலே. தினமும் பதினைந்து நிமிடம் வீட்டில் செய்கிற பிள்ளையைச் சனிக்கிழமை பார்த்தவுடனே தெரிந்துவிடும். சொல்லத் தேவையில்லை.

நீங்க என்ன பாணி? நாங்க சென்னையில வழுவூர் பாணி கத்துக்கிட்டிருந்தோம். மாத்தினா எல்லாம் கெட்டுப்போயிடுமா?

அம்மா அடையாறு கலாக்ஷேத்ராவில் படித்தவர். ஆகவே கலாக்ஷேத்ரா வழி. அதற்குப் பின்னால் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) இருக்கிறார். அவரிடம் கற்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறில் மேடையேறி, அடுத்த வருடம் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பின்னால் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று மேடையில் பார்க்கிற வரிசை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தச் சகோதரர்கள் ஒழுங்குபடுத்தியது. வழுவூர் இராமையா பிள்ளையின் வழி வேறு கிளை. கலாக்ஷேத்ராவில் கோடு நேராக நிற்கும். வழுவூரில் வளைவும் நளினமும் கூடுதல்.

பாணி மாறினால் எதுவும் கெடாது. ஆனால் முதல் ஆறு மாதம் பிள்ளைக்குக் கோபம் வரும். தெரிந்த அடவையே வேறு கையோடு, வேறு சொல்லோடு செய்யச் சொன்னால் யாருக்கும் வரும். வழுவூரிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் கண்ணசைவை மாற்ற வேண்டாம் என்று அம்மாவே அக்காவிடம் சொன்னதுண்டு. “அது நல்லா இருக்கு, விடு” என்றார். அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருவது அபூர்வம்.

லண்டனுக்குப் பரதத்தை முதல்ல கொண்டுவந்தது ஆர்? உங்கட அம்மாவோ?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியை அம்மா காதில் போட்டால் கன்னம் சிவந்துவிடும். 1838-ல், கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து கோயில் ஆட்டக்காரிகளும் மூன்று இசைக்காரர்களும் கப்பல் ஏறிப் பாரிஸுக்குப் போனார்கள். பிறகு லண்டன் அடெல்ஃபி தியேட்டரிலும் ஆடினார்கள். அம்மணி என்பவள்தான் கூட்டத்தின் நட்சத்திரம். பதினெட்டு வயது என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. கடைக்குட்டிக்கு ஆறு வயது, நாங்கள் வகுப்பில் எடுக்கிற வயது. பார் என்ற பிரெஞ்சுச் சிற்பி அம்மணியைச் சிலையாகவே வடித்தார். ஊரில் சதிர் என்று சொன்ன ஆட்டம் அது. பரதநாட்டியம் என்ற பெயர் நிலைக்க இன்னும் நூறு வருடம் இருந்தது.

1923-ல் உதய்சங்கர் ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவோடு லண்டனில் ஆடினார். ஆனால் அது பரதம் இல்லை. 1939-ல் ராம் கோபால் வந்தார். பெங்களூர்க்காரர், நான் மேலே சொன்ன மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர். பிற்காலத்தில் லண்டனிலேயே வாழ்ந்து 2003-ல் காலமானார். 1972-ல், இந்தியக் கலைகளைக் கற்பிக்கும் பாரதிய வித்யா பவனின் லண்டன் மையம் தொடங்கியது. 1979-ல் தாரா ராஜ்குமார் தொடங்கிய அகாடமி ஆஃப் இந்தியன் டான்ஸ் இன்று அகாடெமி என்ற பெயரில் இயங்குகிறது.

1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்த ஆசிரியைகள் அதற்கெல்லாம் பிறகுதான். அவர்கள் நாட்டியத்தை இங்கே அறிமுகம் செய்யவில்லை. பெரிய மேடைகளில் இருந்ததைப் பிள்ளைகளின் சனிக்கிழமைக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டு முன்னறைகள், தேவாலயக் கூடங்கள், தமிழ்ப் பாடசாலைகளின் உடற்பயிற்சி மண்டபங்கள் என்று எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம். அம்மா அந்தப் பலரில் ஒருவர்.

மகனைச் சேர்க்கலாமா? ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு.

சேர்க்கலாம். மேலே சொன்ன தஞ்சை நால்வர், மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இராமையா பிள்ளை எல்லாரும் ஆண்கள்தான். கிண்டல் பத்து, பதினோரு வயதில் வரும். அந்த ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் போதும். ஒரே வகுப்பில் இரண்டு பையன்கள் இருந்தால் தாண்டிவிடுவார்கள், ஆகவே ஒரு நண்பனையும் கூட்டி வாருங்கள்.

நாங்கள் இந்து இல்லை. நிலத்தைத் தொட்டுக் கும்பிட வேணுமோ?

தட்டிக் கும்பிடுவது நாட்டியத்தின் பகுதி. மிதிக்கப் போகிற நிலத்திடம் மன்னிப்புக் கேட்டு, ஆசிரியருக்கும் சபைக்கும் வணக்கம் சொல்வது. எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் தாய், நிலத்தைத் தொடட்டும், கண்ணில் ஒற்ற வேண்டாம் என்று கேட்டார். அக்கா சரி என்றார். விஜயதசமிப் பூசைக்கு வருவது அவரவர் விருப்பம். வராவிட்டால் வடை கிடைக்காது, அவ்வளவுதான்.

மகளுக்குத் தமிழ் கதைக்கவே வராது. அபிநயம் எப்பிடிச் செய்வா?

இந்த மேசையில் நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பதம் என்கிற அபிநயப் பாட்டின் சொற்களை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கலாம். கை சரியாக வரும், முகமும் ஏதோ ஒன்றைச் செய்யும். ஆனால் ‘வாராயோ’ என்ற சொல்லில் கெஞ்சல் எங்கே இருக்கிறது, செல்லம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆடுகிற பிள்ளை எல்லா ‘வாராயோ’வுக்கும் ஒரே கையைத்தான் காட்டும். சஞ்சாரியே அதில்தான் இருக்கிறது: ஒரே வரியைப் பாடகர் ஐந்து தரம் பாடுவார், ஆடுகிறவள் ஐந்து விதமாகச் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு வழி வைத்திருந்தார். முத்துத்தாண்டவர் பதம் ஒன்றில், அவன் தெருவழியே வந்து என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டானா என்று நாயகி ஏங்குகிறாள். பதினாலு வயதுப் பிள்ளைக்கு நாயகன், நாயகி, ஜீவாத்மா என்றெல்லாம் அம்மா சொல்லவில்லை. “நீ மெசேஜ் அனுப்பி, அவ பாத்திட்டுப் பதில் போடேல்லை. அப்ப நீ போனை எப்பிடிப் பாப்பாய்? அதைச் செய்” என்றார். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்கிருந்துதான் தெருவுக்கும் சன்னலுக்கும் வந்தார்கள்.

அதற்காகத் தமிழ் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. எங்கள் வகுப்பில் பதம் தொடங்குவதற்கு முன், ஒரு மாதம் அந்தப் பதத்தைப் பாடவேண்டும், ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்கவேண்டும். வீட்டில் அம்மம்மா, அப்பம்மா இருந்தால் அவர்களிடம் கேட்டு வரச் சொல்வோம். பேரப்பிள்ளையோடு ஆங்கிலத்தில் தடுமாறுகிற ஒரு மூதாட்டிக்கு அந்த ஒரு மாதம் நல்ல காலம். தெலுங்குப் பாடல்களுக்கோ நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் பொருள் படிக்கிறோம். அங்கே தமிழ் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும் ஒரே நிலைமை.

ஏன் இன்னும் அந்தக் கட்டையத் தட்டிக்கிட்டு இருக்கீங்க? போன்ல பாட்டப் போட்டா போதாதா?

நான் கையில் வைத்திருப்பது தட்டுக்கழி, கீழே இருப்பது மனைப்பலகை. போனில் இருக்கிற பாட்டு பிள்ளைக்காகக் காத்திருக்காது. இடுப்பு மேலே எழும்புகிற பிள்ளையைப் பார்த்து அக்கா கண்ணைக் காட்டினால், நான் அரைக்கால் வேகம் குறைப்பேன். சோம்பேறித்தனம் என்று தெரிந்தால் கொஞ்சம் கூட்டுவேன். மேடையில் அதே வேலையைச் செய்வது கையில் பிடிக்கிற ஒரு சோடித் தாளம்: இரும்பில் ஒன்று, வெண்கலத்தில் ஒன்று. இரண்டும் மோதும்போது வரும் சத்தத்தில் கூர்மையும் இருக்கும், கார்வையும் இருக்கும். ஜதி என்கிற தாளச் சொற்களைச் சொல்லும் வாயும், தாளம் போடும் கையும், ஆடுகிறவளின் பாதத்தைப் பார்க்கும் கண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். நட்டுவாங்கம் என்பது அதுதான்.

இதை எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. முழங்கால் வலியோடு முன்னறைப் படிக்கட்டில் உட்கார்ந்து, பத்து வருடம் அம்மாவின் கழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் செய்தேன். ஒருநாள் அம்மாவுக்குத் தொண்டை கட்டியபோது ஜதி தானாக என் வாயில் வந்தது. நாட்டியம் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது சலுகை உண்டென்றால் அது இந்தச் சும்மா இருந்து கேட்ட நேரம்தான். வகுப்பு முடிந்ததும் காரில் ஏற அவசரப்படாமல் அடுத்த வகுப்பைப் பார்க்கிற எந்தப் பிள்ளைக்கும் அது கிடைக்கும். அதனால்தான் பின்வரிசை வாங்கில் உட்கார யாரையும் நாங்கள் தடுப்பதில்லை. போனை மட்டும் பைக்குள் வைக்க வேண்டும்.

பரீட்சை எடுக்க வேணுமோ? எந்தப் பரீட்சைக்கு மதிப்புக் கூட?

கட்டாயம் இல்லை. எங்கள் பிள்ளைகள் இரண்டு வகையில் எடுக்கிறார்கள். ஊர் வழியில் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள். அம்மா தலைமுறைக்கு ‘கலாவித்தகர்’ பட்டம் என்றால் கண்ணில் ஒளி வரும். இங்கே ஐ.எஸ்.டி.டி. என்கிற நடன ஆசிரியர் சங்கத்தின் பரதநாட்டியத் தரங்கள். பாலேக்கும் பால்ரூமுக்கும் பரீட்சை வைக்கிற பழைய சங்கம் அது.

இங்கே நடனத்தைத் தொழிலாகவோ பல்கலைக்கழகப் படிப்பாகவோ நினைக்கிற பிள்ளைக்கு இரண்டாவது பயன்படும். மற்றவர்களுக்கு, ஒரு தேதி வைத்துப் பாடத்தை முடிக்க உதவும். அம்மாவுக்குப் பரீட்சை பிடிக்காது. பரீட்சை இருக்கிற வருடத்தில் வீட்டுப் பயிற்சி கூடுகிறதே என்பது அக்காவின் பதில். இந்த வழக்கு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இன்னும் நடக்கிறது.

நாட்டியத்துக்கும் தேவதாசிகளுக்கும் என்ன தொடர்பு என்று மகள் ஸ்கூலில் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். சரிதானே?

சரியில்லை. மாற்றாதீர்கள். ஒரு காலத்தில் நாங்களும் மாற்றினோம். ‘கோயிலில் முனிவர்கள் ஆடிய கலை’ என்று அம்மாவின் பழைய விழா மலர் ஒன்றில் இருக்கிறது. அதை அம்மாவிடம் காட்டினால் இன்று வெட்கப்படுவார்.

உண்மையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லலாம். கோயிலுக்கும் அரசவைக்கும் நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் இதை ஆடினார்கள், அவர்களின் வீட்டு ஆண்களான நட்டுவனார்கள் கற்பித்தார்கள். அந்தப் பெண்கள் சொத்து வைத்திருந்தார்கள், படித்தார்கள், பாடினார்கள், சுரண்டலுக்கும் ஆளானார்கள். முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 1947-ல் சென்னை மாகாணத்தில் பெண்களை இப்படி நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவது சட்டத்தால் நின்றது. அதே காலத்தில் மேல்சாதி வீட்டுப் பெண்கள் ஆட வந்தார்கள், சதிர் பரதநாட்டியம் ஆனது. சுரண்டல் நின்றது நல்லது. ஆனால் ஆட்டம் மேடையேறியபோது, அதைக் காத்த பெண்களில் பெரும்பாலோர் மேடைக்கு வெளியே போனார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் மேலே வரிசையாகச் சொன்ன குரு பரம்பரையும் அந்த வீடுகளிலிருந்து வந்ததுதான். கும்பிடும்போது அவர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறோம்.

அரங்கேற்றத்துக்கு எவ்வளவு முடியும்? ஒருத்தர் கார் வாங்கிற காசு எண்டார், இன்னொருத்தர் வீட்டு முற்பணம் எண்டார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். மண்டப வாடகை, மேடை ஒளி, இந்தியாவிலிருந்து வரும் பக்கவாத்தியக்காரர்களின் விமானச் சீட்டும் விசாவும் தங்குமிடமும், மூன்று உடை, ஒப்பனை, வீடியோ, மலர், அழைப்பிதழ், பிறகு முன்னூறு பேருக்கு இரவுச் சாப்பாடு. இதில் நாட்டியத்துக்கு நேரடியாகத் தேவையானது பாடகர், மிருதங்கம், ஒரு வயலின் அல்லது புல்லாங்குழல், ஒரு நல்ல தரை. மிச்சம் எல்லாம் கலியாண வீடு.

சிலப்பதிகாரத்து மாதவிக்கு ஏழு வருடப் பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம். ஆடி முடித்தபோது சோழ மன்னன் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பரிசு கொடுத்தான். இங்கே பொன் போகிற திசை வேறு. புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாலசரஸ்வதி 1925-ல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறினார். அங்கே மூன்று அடுக்குக் கேக் வெட்டியிருக்க மாட்டார்கள்.

அம்மா வைத்த விதி இன்றும் எங்கள் வகுப்பில் உண்டு. பக்கவாத்தியக்காரர்களை இங்கேயே தேடுவோம். இப்போது லண்டனில் பிறந்து வளர்ந்த நல்ல மிருதங்கக்காரர்கள் இருக்கிறார்கள். நூற்றைம்பது பேர் அமரும் பள்ளி மண்டபம் போதும். கடன் வாங்கி அரங்கேற்றம் செய்வதாகத் தெரிந்தால் அக்கா தேதி கொடுக்கமாட்டார். இதற்காக எங்களை விட்டுப் போன குடும்பங்களும் உண்டு. போகட்டும். அலாரிப்பு முதல் தில்லானா வரை முழு மார்க்கமும் வேண்டாம், ஒரு வர்ணமும் ஒரு பதமும் ஆடினால் போதும் என்று ஒரு பிள்ளை சொன்னபோது, அக்கா அதற்கும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கினார். நான் தாளம் போட்ட மாலைகளில் மிக நல்லது அதுதான்.

அரங்கேற்றம் முடிஞ்சுது. இனி அவ வகுப்பு நடத்தலாம்தானே?

சட்டம் தடுக்காது. நாங்கள் தடுக்கிறோம். ஆடத் தெரிவதும், ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கத் தெரிவதும் வேறு வேறு வேலை. எங்கள் வழக்கம்: அரங்கேற்றத்துக்குப் பிறகு இரண்டு வருடம் சின்ன வகுப்பில் அக்காவுக்கோ பெறாமகளுக்கோ துணையாக நிற்க வேண்டும், தட்டுக்கழி பிடிக்கப் பழக வேண்டும். முதல் கேள்வியில் என் முழங்காலைப் பற்றிச் சொன்னேனே, அந்த மாதிரிப் பிழை இன்னொரு பிள்ளைக்கு நடக்கக்கூடாது. பிள்ளைகளோடு வேலை செய்ய, குற்றப் பின்னணி இல்லை என்று சோதிக்கும் டி.பி.எஸ். சான்றிதழும் எடுக்க வேண்டும், இடத்துக்குக் காப்புறுதியும் வேண்டும். அதை ஒரு வாரத்தில் விசாரித்துவிடலாம், மற்றதுதான் நாளாகும்.

அக்கா மகள், தங்கச்சி எண்டு எல்லாம் நீங்களே. எங்கட பிள்ளைக்கு முன்வரிசை கிடைக்குமோ?

நேராகக் கேட்டதற்கு நன்றி. பலர் இதைக் கார் நிறுத்துமிடத்தில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் பெறாமகள்தான் எப்போதும் நடுவில் நின்றாள், அது உண்மை. அவளே ஒருநாள் “சித்தி, எனக்குப் பின்னுக்கு நிக்க விருப்பம், எல்லாரும் என்னையே பாக்கினம்” என்றாள். குடும்ப வகுப்பில் அந்த வீட்டுப் பிள்ளைக்கு இரட்டைச் சுமை: நன்றாக ஆடினால் சலுகை என்பார்கள், பிழைவிட்டால் இவளுக்கே வரவில்லையா என்பார்கள். இப்போது நிகழ்ச்சிகளுக்கு யார் எங்கே நிற்பது என்பதை உயரத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொரு உருப்படிக்கும் வரிசையை மாற்றுகிறோம். குறை இருந்தால் மேசையில் சொல்லுங்கள்.

ரீச்சருக்குப் பிறகு ஆர் நடத்துவினம்? சொந்த மகள் எண்டால்தானே பரம்பரை?

அப்படியும் உண்டு. வீணை தனம்மாளின் மகள் ஜெயம்மாள், அவர் மகள் பாலசரஸ்வதி. பாலசரஸ்வதி 1962-ல் முதல்முறை அமெரிக்கா போய் ஆடி, பிறகு பல வருடம் அங்கே கற்பித்தார். அவர் தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் புல்லாங்குழலும் பாட்டுமாகக் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். பாலசரஸ்வதியின் மகள் லட்சுமி, பேரன் அனிருத்தா நைட் என்று ஆட்டம் இறங்கியது. சிங்கப்பூரில் கே. பி. பாஸ்கர் 1952-ல் தொடங்கியதை மனைவி சாந்தா பாஸ்கர் 2022-ல் மறையும்வரை தாங்கினார். மகள் மீனாட்சியும் அதே வழியில் வந்தார். அமெரிக்காவின் மினியாபொலிஸில் ரானீ ராமசாமியும் அவர் மகள்கள் அபர்ணா, அஸ்வினியும் ஒரே குழுவில் ஆடுகிறார்கள்.

அதே சிங்கப்பூரில் இன்னொரு கதை. இலங்கையில் பிறந்து, கலாக்ஷேத்ராவில் படித்த நீலா சத்தியலிங்கம் 1977-ல் கணவரோடு அப்ஸராஸ் ஆர்ட்ஸைத் தொடங்கினார். அவருக்குப் பிறகு அதன் கலை இயக்குநரானது அவர் பிள்ளை இல்லை, அவர் மாணவர் அரவிந்த் குமாரசாமி. பாலசரஸ்வதியின் தம்பி விஸ்வநாதனிடம் பாடக் கற்ற அமெரிக்கர் ஜான் ஹிக்கின்ஸைத் தமிழ்நாட்டில் ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தார்கள்.

எங்கள் வீட்டிலும் இரண்டும் இருக்கிறது. அக்கா இங்கே. தெற்கு லண்டன் வகுப்பை நடத்துவது 1986-ல் எங்கள் முன்னறைக்கு வந்த ஆறு பேரில் ஒருவர். எங்கள் உறவு இல்லை. அம்மா ஒரு ஜதியை மறந்தால் எங்களுக்கு முன் அவருக்குத்தான் போன் போகும். அக்காவுக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, கேட்டால் இல்லை என்பார். பெறாமகள் இப்போது இயன்மருத்துவம் படிக்கிறாள். பிறகு வகுப்பு எடுப்பாளோ தெரியாது. அவளிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை.

ரீச்சர் அமைச்ச வர்ணத்தை மகள் யூடியூபில போடலாமோ? பிறகு தன்ர மாணவிகளுக்குச் சொல்லிக் குடுக்கலாமோ?

இரண்டு பதில் இருக்கிறது. பிரிட்டனின் 1988 பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பும் ஒரு படைப்புதான். எழுதியோ படம்பிடித்தோ வைத்திருந்தால், அமைத்தவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. ஆகவே வெளியே போடுமுன் கேளுங்கள். பாட்டு வேறொருவர் பாடிய ஒலிப்பதிவு என்றால் அவரையும் கேட்க வேண்டும்.

மற்றப் பதில் அம்மாவுடையது. அம்மா தன் உருப்படிகளை நீல மட்டைக் கொப்பிகளில் எழுதிவைத்திருக்கிறார். ஜதிக்கு மேலே யாரிடமிருந்து வந்தது என்ற பெயர், பக்கத்தில் தான் மாற்றிய இடத்துக்குச் சிவப்புக் கோடு. கேட்கிற மாணவிக்குக் கொப்பியைத் திறந்து காட்டுவார், ஒரு நிபந்தனையோடு: நீ கற்பிக்கும்போது அந்தப் பெயர்களையும் சொல்ல வேண்டும், நீ மாற்றினால் நீயும் கோடு போட வேண்டும். பெயர் சொல்லாமல் யாரோ மேடையில் ஆடியதை ஒருமுறை பார்த்தோம். அம்மா கடைசிவரை இருந்து கைதட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று சிக்னல் வரைக்கும் பேசவில்லை.

நாங்க வேற டீச்சர்கிட்ட மாறப்போறோம். கோவிச்சுப்பாங்களா?

சொல்லிவிட்டுப் போனால் கோபம் இல்லை. வராமலே நின்றுவிட்டு, மூன்று மாதம் கழித்து வேறு மேடையில் பார்த்தால் மனம் வருந்தும். ஒரு போன் போதும்.

அம்மா ரீச்சர் இப்பவும் வாறாவோ? ஒருக்காப் பாக்கலாமோ?

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, பத்தரைக்கு வருவார். சன்னலோரக் கதிரை அவருடையது. எழுந்து ஆடிக் காட்ட மாட்டார், ஆனால் கை இன்னும் மடியில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். தாளம் நின்றால் யாரோ பிழைவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெரிய பிள்ளைகள் இப்போது அக்காவைப் பார்ப்பதை விட்டு அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் பதினொன்றரை இடைவேளைக்கு வாருங்கள். சத்தமாகப் பேச வேண்டும், இடது காது கொஞ்சம் மந்தம். இனிப்பு மட்டும் கொண்டுவராதீர்கள். சர்க்கரை இருக்கிறது, கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.